கால் பாக வாடகை

சித்தி இப்போதெல்லாம் எண்களைத் தணிந்த குரலில்தான் சொல்கிறார். முன்பு அப்படி இல்லை. மாதக் கடைசியில் கணக்கை முடித்து உள்ளறையிலிருந்து அவர் மொத்தத்தை வாசித்தால், தெருவில் நடந்து போகிறவருக்கும் எங்கள் கடையின் வரவு தெரிந்துவிடும். அந்தக் குரல் எப்படி இறங்கிற்று என்பதையே இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். தொகைகளில் அவர்களுக்குள் வேறுபாடு இல்லை. தவறு யாருடையது என்பதில்தான் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. இருவருக்கும் மூத்தவர் மாமா. அவர்களுடைய அப்பா விட்டுச் சென்ற மூக்குக் கண்ணாடிக் கடை மூவருக்கும் பொது. பிரேம் விற்பனையும் கணக்கும் சித்தியின் பொறுப்பு. கடையின் வலது மூலையில், ஒரு பழைய மரமேசையின் பின்னால் மாமா உட்கார்ந்து பழுது பார்ப்பார்: கழன்ற திருகு, வளைந்த கை, உடைந்த கீல், மூக்கில் பதிந்து புண்ணாக்கும் தாங்கி. அம்மா கடைப்பக்கம் வருவதில்லை. பங்கு மட்டும் வீடு தேடி வரும்.

கடைக்கு வருவதற்கு முன் சித்தி ஒரு பெயிண்ட் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தார். அங்கே சேர்ந்தபோது அவர் வேலை டப்பாக்களை எண்ணுவது. வெளியே வந்தபோது எந்த நிறத்தை நிறுத்தலாம், எந்த ஊருக்கு லாரி அனுப்பலாம் என்று முதலாளி அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கம்பெனியை வேறொருவர் வாங்கிக்கொண்டு பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். சித்தியும் அவர்களில் ஒருவர். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "ரெண்டு மூணு தடவை போட்டுப் பாத்தேன், கணக்கு ஒத்து வரல" என்பார்.

கற்றதை அவர் அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வருகிறவர் அல்லர். செருப்பு வாங்கும்போது விலையைப் பார்க்கமாட்டார். எத்தனை நாள் உழைக்கும் என்று மதிப்பிட்டு வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பார்ப்பார். விலை மலிந்த செருப்பு பெரும்பாலும் அந்த வகுத்தலில் தோற்றுப்போகும். "காய்கறிச் செலவு மாசம் சராசரியா இவ்வளவு ஆகுது" என்று அம்மா புலம்பினால், "சராசரிய விடுக்கா. விருந்து வெச்ச மாசம் ஒண்ணு எல்லாத்தையும் தூக்கிடும். பன்னெண்டு மாசத்தையும் வரிசையா நிறுத்தி நடுவுல நிக்கறதப் பாரு" என்பார். ஒரு முறை குடும்பத்தோடு படம் பார்க்கப் போனோம். இடைவேளையிலேயே படம் தேறாது என்று தெரிந்துவிட்டது. சித்தி எழுந்துவிட்டார்.

"டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தாச்சேடீ" என்றார் அம்மா.

"அது போயிடுச்சு. உக்காந்தாலும் வராது, எழுந்தாலும் வராது. மிச்சம் இருக்கிற ஒரு மணி நேரத்தையும் எதுக்கு அவனுக்கே கொடுக்கணும்?"

நாங்கள் முழுப் படத்தையும் பார்த்துவிட்டுத் தலைவலியோடு வந்தோம். சித்தி வெளியே ஒரு மரத்தடியில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். அவருக்கு ‘ஆடிட்டரம்மா’ என்று பெயர் வைத்தவர் மாமாதான். உப்புக்கும் தேய்மானம் எழுதுவாள் என்று கேலி செய்தாலும், சொந்த வீட்டுக்குக் கடன் வாங்கலாமா, பழைய ஸ்கூட்டரை விற்கலாமா என்று எதற்கும் மாமா முதலில் போய் நின்றது தங்கையிடம்தான். தங்கை சொன்ன எண்ணை அவர் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

கடைத்தெருவில் புதிதாக இரண்டு பெரிய கண்ணாடிக் கடைகள் வந்தன. எங்கள் கடையின் லாபம் மெலிந்தது. எந்த மூலை சம்பாதிக்கிறது, எந்த மூலை தின்கிறது என்று பார்க்கவேண்டும் எனச் சித்தி முடிவு செய்தார். வார விடுமுறையன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அம்மாவையும் மாமாவையும் மாமாவின் மனைவியான அத்தையையும் உட்காரவைத்து, கண் பரிசோதனை எழுத்துகள் தொங்கும் சுவரருகே ஒரு வெள்ளைப் பலகையை நிறுத்தினார். விற்பனைக்கு இருக்கும் பெண்ணும் அன்று சாமான் துடைக்க வந்திருந்தாள்.

"வாடகை நாப்பதாயிரம். ரிப்பேர் மேசையும் அதுக்கு முன்னால கிடக்கிற நாற்காலிகளும் சேந்து கடையில கால் பாகம். அப்ப வாடகையில பத்தாயிரம் அந்த மூலைக்கு. திருகு, தாங்கி, பசை அது இதுன்னு ஆயிரம். அந்த மூலையோட வரவு ஆறாயிரம். மாசா மாசம் அஞ்சாயிரம் ஓட்டை."

"அடேங்கப்பா" என்றார் மாமா. "உக்காந்த இடத்துலயே அஞ்சாயிரம் செலவு பண்றேனா? எழுந்து நடந்தா கடையே காலியாயிடும் போலிருக்கே."

அம்மா சிரித்தார். அத்தையும் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

"விளையாட்டு இல்லண்ணா. இதுல உங்க சம்பளம்னு நான் ஒண்ணும் எழுதவே இல்ல."

"ஏன், எழுத வேண்டியதுதானே?"

"எழுதினா இன்னும் மோசமாத் தெரியும்."

சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. இதை மூவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். மற்றவர்கள் அப்படித் துடைத்தால் கோடு விழும் என்று கண்டிக்கிறவர் அவர்.

"அப்ப நான் நஷ்டமா?"

"நீங்க இல்ல. அந்த மேசை."

"மேசை தானா வந்து உக்காரலியே, ஆடிட்டரம்மா." பிறகு மாமாவே கையை உதறினார். "சரி. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. நீ அளந்துட்ட. எடுத்துடலாம்."

மேசையின் கால்களை மாமாவே கழற்றினார். அந்த இடத்தில் கூலிங் கிளாஸ் மாட்டும் சுழல் ஸ்டாண்டு ஒன்று வந்தது. அதன் நடுவில் ஆளுயரக் கண்ணாடி. மாதம் பன்னிரண்டாயிரம் கிடைக்கும் என்பது சித்தியின் மதிப்பீடு. மாமாவுக்கு முகப்பில் நின்று வருகிறவர்களை வரவேற்கும் வேலை. யாராவது கண்ணாடியை நீட்டினால் கை தன்னால் சட்டைப்பையில் இருக்கும், திருகு முடுக்கும் சின்னத் திருப்புளிக்குப் போகும். பிறகு வெறும் கையாகத் திரும்பி வரும். கொஞ்ச நாளில், கால் வலிக்கிறது என்று சொல்லி அவர் வருவதை நிறுத்தினார். ஓய்வு எடுக்கட்டும் என்று சித்தியும் விட்டுவிட்டார். அப்போது தமக்கு ஒருவகை நிம்மதியாகக்கூட இருந்தது என்று என்னிடம் சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்டாண்டு அழகாகத்தான் இருந்தது.

"எல்லாரும் வந்து நிக்கறாங்க மேடம்" என்றாள் விற்பனைப் பெண்.

"வாங்கறாங்களா?"

"தலை சீவிக்கிட்டுப் போறாங்க."

கூலிங் கிளாஸில் மாதம் மூவாயிரம்தான் வந்தது. அது ஒரு பக்கம். அதைவிடச் சித்தியைக் குழப்பியது பிரேம் விற்பனை. அது இறங்கத் தொடங்கியிருந்தது. முதல் சில மாதங்கள் அவர் பதறவில்லை. நாலு புள்ளியை வைத்துக்கொண்டு கோடு இழுக்கக் கூடாது என்பது அவர் அறிந்தது. பள்ளிகள் திறக்கும் பருவம் வரட்டும் என்று காத்திருந்தார். பருவம் வந்து போயிற்று. முந்தைய ஆண்டுகளின் அதே மாதங்களோடு வைத்துப் பார்த்தபோது, தற்செயல் என்று சொல்லித் தப்பிக்க இடமில்லை. எதிர்க் கடைகளின் விலையை ஆள் அனுப்பி விசாரித்தார். எங்கள் விலை எப்போதும்போல் அவர்களைவிடச் சற்றே கூடுதல், அது புதிதல்ல.

அந்த நிலையில் ஒரு பிற்பகல் பஸ் டிரைவர் ஒருவர் சீருடையோடு உள்ளே வந்தார். உள்ளங்கையில் கண்ணாடி ஒரு பக்கமும் அதன் கை ஒரு பக்கமுமாக இருந்தன.

"அண்ணன் எங்கம்மா?"

"ரிப்பேர் நிறுத்திட்டோம் சார். புது பிரேம் பாக்கறீங்களா? இதே பவர்ல..."

"நிறுத்திட்டீங்களா?" அவர் மூலையைப் பார்த்தார். ஆளுயரக் கண்ணாடியில் அவருடைய முகமே அவரைத் திரும்பப் பார்த்தது. "அப்ப நான் எதுக்கு இங்க நிக்கறேன்?"

"ரிப்பேர்ல கட்டுப்படியாகல சார்."

"எங்க டிப்போல பாதிப் பேர் மூக்குல உக்காந்திருக்கறது உங்க கடைக் கண்ணாடிதாம்மா. ஏன்னு நெனக்கறீங்க, உங்க விலைக்கா? உடைஞ்சா அண்ணன் இருக்காருன்னு வாங்கினோம். அவரு அத நிமித்தற வரைக்கும் சும்மா உக்காந்திருக்க முடியாம பொண்டாட்டிக்கு ஒண்ணு, பையனுக்கு ஒண்ணுன்னு பாப்போம். இப்ப உடைஞ்சா யாருகிட்டப் போறது? எதிர்க்க இருக்கறவன் நூறு கம்மியாத் தரானே, அவன்கிட்டயே வாங்கி, உடைஞ்சா தூக்கிப் போட்டுட்டுப் போறேன்."

அவர் போனபின் சித்தி கூலிங் கிளாஸ் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினார். பிறகு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டிரைவர் ஒருவர் சொன்னதை மட்டும் நம்பிவிடக்கூடாது என்று, அடுத்த சில வாரங்கள் வந்தவர்களையெல்லாம் எதற்காக இந்தக் கடைக்கு வருகிறீர்கள் என்று கேட்டார். கேட்கக் கேட்க ஒரே பதில்.

அவர் செய்திருந்த பிழை கூட்டலில் இல்லை. வாடகை நாற்பதாயிரம் என்பது மேசை இருந்தாலும் கொடுக்கவேண்டியது, மேசை போனாலும் கொடுக்கவேண்டியது. அதில் பத்தாயிரத்தை எடுத்து மாமாவின் மூலையில் எழுதியது சித்தியின் பேனாதான், கட்டடத்தின் சொந்தக்காரர் அல்லர். மேசையை எடுத்ததால் வாடகையில் ஒரு காசு குறையவில்லை. ஆறாயிரம் வரவும் ஆயிரம் செலவும் மட்டுமே போயின. ஐயாயிரம் நஷ்டம் என்று அவர் பலகையில் எழுதியது உண்மையில் ஐயாயிரம் லாபம். அந்த நாற்காலிகளில் காத்திருந்தவர்கள் வாங்கிய பிரேம்களோ முன் கவுண்டரில், சித்தியின் ரசீதுகளில் ஏறியிருந்தன. மாமா அழைத்துவந்த ஆட்களின் பணத்தைத் தம் சாமர்த்தியமாக எண்ணிக்கொண்டு, அதே வாயால் அவரை நஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். திரையரங்கிலிருந்து எழுந்துவந்த பெண்ணுக்கு இது தெரியாமல் இல்லை. போன காசையும் போகப்போகிற காசையும் பிரித்துப் பார்க்க அந்தக் குடும்பத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"தெரியாம செஞ்சிருந்தா மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடலாம்" என்றார் என்னிடம். "தெரிஞ்சவ செஞ்சா அதுக்கு என்ன பேரு?"

மாமா வீட்டுக்கு அவர் போனது ஒரு மத்தியானம். கதவைத் திறந்த அத்தை இடுப்பில் கைவைத்து நின்றார்.

"வாங்க ஆடிட்டரம்மா. உங்க அண்ணன் இங்க தனிக் கம்பெனி ஆரம்பிச்சிருக்காரு, தெரியுமா?"

"என்ன கம்பெனி அண்ணி?"

"எல்லாம் நஷ்டக் கம்பெனிதான். ரெண்டாவது டீ வேணாங்கறாரு. தனியா இருந்தா ஃபேன் போடறதில்ல. வீட்டுல எந்தெந்த இடத்த அடைச்சுக்கிட்டு இருக்கோம்னு யோசிக்கிறாராம். கட்டில்ல பாதி அவருதுன்னு அதுக்கும் விலை கேக்கறாரு, நான் எங்க போய்ச் சொல்லறது?"

அத்தை கேலியாகத்தான் சொன்னார். ஆனால் கண் சிவந்திருந்தது. மாமா உள்ளே ஒரு நாற்காலியின் நுனியில், மீதி இடம் வேறு யாருக்கோ வேண்டும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார்.

"அண்ணா, அந்தக் கணக்கு தப்பு."

"எந்தக் கணக்கு?"

"ரிப்பேர் மேசைக் கணக்கு. வாடகை இப்பவும் நாப்பதாயிரம்தான் கட்டறேன். நீங்க போனதும் கட்டடக்காரர் பத்தாயிரம் குறைச்சுக்கல."

"அவரு எப்படிம்மா குறைப்பாரு?"

"அதத்தான் சொல்றேன். குறையாத வாடகைய உங்க தலையில எழுதிட்டேன்."

மாமா ஒரு விரலை மடக்கினார்.

"நான் அந்த இடத்துல உக்காந்திருந்தது உண்மையா, இல்லயா?"

"உண்மைதான்."

"உக்காந்த இடத்துக்கு வாடகை உண்டா, இல்லயா?"

"உண்டு. ஆனா..."

"அப்ப கணக்கு சரிதானே. எனக்காகப் பாவம் பாத்து மாத்தாத. நீ இத்தன வருஷத்துல ஒரு தடவ தப்பாக் கூட்டி நான் பாத்ததில்ல."

"கூட்டினது சரிண்ணா. எதக் கூட்டணும்ங்கறதுல தப்பு பண்ணிட்டேன். வாய்விட்டுச் சொல்றேன், நான்தான் பண்ணினேன்."

"நல்ல மனசு உனக்கு" என்றார் மாமா.

வசைபாடியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று சித்தி சொல்கிறார். அந்த ஒரு சொல்லைக் கேட்டு, டீ கொண்டுவந்த அத்தையின் முன் தலையைக் குனிந்துகொண்டார். அத்தை விடவில்லை. "வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சீங்க" என்றார். "இப்ப வந்து வெண்ணெய வெண்ணெய்னு சொன்னா, அதுவே நம்ப மாட்டேங்குது பாருங்க."

எந்த இடத்தில், யார் முன்னால் சொன்னேனோ, அதே இடத்தில் திருப்பிச் சொல்லவேண்டும் என்று சித்தி தீர்மானித்தார். அம்மா தடுத்துப் பார்த்தார்: "வீட்டுக்குள்ளயே முடிச்சுக்கலாமேடீ. அந்தப் பொண்ணு முன்னாடி எதுக்கு?" சித்தி கேட்கவில்லை. விற்பனைப் பெண்ணையும் வரச் சொன்னார். அடுத்த வார விடுமுறையில் ஷட்டர் பாதி இறங்கியது, பலகை வந்தது. இந்த முறை அவருடைய குரல் பலகையைத் தாண்டவில்லை. பின்னால் இருந்த அம்மா இரண்டு முறை "என்ன சொல்ற?" என்று கேட்டார். அவர் ஒவ்வொரு முறையும் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது: தவறு தம்முடையது, மேசை நஷ்டமில்லை, அண்ணன் ஒருநாளும் நஷ்டமில்லை.

மாமா கடைசிவரை மரியாதையோடு கேட்டார்.

"வக்கீல் கட்சி மாறின மாதிரி இருக்கு" என்றார். "அன்னிக்கும் நல்லாத்தான் பேசின."

"அண்ணா, மேசையத் திரும்பப் போடலாம். வாங்க."

"வரேன். எனக்கும் வீட்டுல பொழுது போகல, உங்க அண்ணிக்கும் என்னை வெச்சுப் பொழுது போகல. ஆனா ஒண்ணு. அந்தக் கால் பாகத்துக்கு மாசம் பத்தாயிரம் நான் கொடுத்துடுவேன். என் பங்குலேருந்து."

"சொந்தக் கடையில வாடகையாண்ணா?" அம்மா எழுந்துவிட்டார்.

"சொந்தக் கடைதானே சொல்லிச்சு, பாரம்னு. யாருக்கும் பாரமா உக்கார எனக்கு இஷ்டமில்ல. வாங்கிக்கறதுன்னா வரேன். இல்லாட்டி இங்கயே பேச்ச முடிச்சுக்கலாம்."

சித்தி அம்மாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டால் தாம் இப்போது பலகையில் எழுதியது பொய் என்றாகும். மறுத்தால் அண்ணன் அந்த நாற்காலியின் நுனிக்கே திரும்பிப் போவார். "சரிண்ணா" என்றார். பலகையை அவர் அழிக்கவில்லை. விற்பனைப் பெண்தான் துடைத்தாள்.

மேசை வந்தது. ஸ்டாண்டு கதவோரம் ஒதுங்கிற்று. டிப்போ ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பிரேம் விற்பனை பழைய அளவை எட்டி, அதையும் கொஞ்சம் தாண்டியது. சித்தி அந்த எண்களை எடுத்துக்கொண்டு மாமாவின் மேசைக்குப் போனார். இதைவிடத் தெளிவான ஆதாரம் ஒரு மனிதருக்குக் கிடைக்காது என்று நினைத்தார்.

"பாருங்கண்ணா. நீங்க வந்தப்புறம் ஏறினது."

மாமா ஒரு கீலில் திருகைச் செலுத்திக்கொண்டே எட்டிப் பார்த்தார். "எல்லாம் உன் கவுண்டர் ரசீதும்மா. பிரேம் விக்கறது நீ. உன் சாமர்த்தியத்த எனக்கு எதுக்குக் கொடுக்கற?"

ஒவ்வொரு மாதத்தின் முதல் வேலைநாளிலும், கடையில் ஆள் இருக்கும்போதே மாமா எழுந்துவந்து பத்தாயிரத்தைக் கவுண்டரில் வைக்கிறார். ரசீது கேட்கிறார். முதல் மாதம் சித்தி, பணம் பெற்றேன் என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். மாமா அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"எதுக்குன்னு போடலியே?"

"தெரியாதாண்ணா நமக்குள்ள?"

"கணக்குல நமக்குள்ளன்னு ஒண்ணு உண்டா? வாடகைன்னு போடும்மா."

கவுண்டருக்கு இந்தப் பக்கம் கண்ணாடி வாங்க வந்த ஒரு தம்பதி நின்றிருந்தார்கள். விற்பனைப் பெண் பிரேம் தட்டைக் கையில் பிடித்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சித்தி ரசீதைத் திரும்ப வாங்கி, அந்தச் சொல்லை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். மாமா அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேசைக்குப் போனார்.

"அடுத்தது யாருப்பா? வாங்க, வந்து உக்காருங்க. இடம் நம்மளோடதுதான்."

சித்தி அந்தப் பணத்தைக் கல்லாவில் போடவில்லை. தனியாக ஒரு உறையில் வைத்திருக்கிறார். மாதா மாதம் அது தடித்துக்கொண்டே வருகிறது. வரவு என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. அன்று அந்தத் தம்பதிக்கு விலை சொல்லும்போது அவர்கள் குனிந்து, "எவ்வளவுன்னு சொன்னீங்க?" என்று மறுபடி கேட்டார்கள்.